எஸ்யூவியின் வருமானமும் ஸ்போர்ட்ஸ் காரின் பெயரும்

2024ஆம் ஆண்டில் போர்ஷே நிறுவனம் உலகெங்கும் 3,10,718 கார்களை வாடிக்கையாளர்களிடம் ஒப்படைத்தது. அவற்றில் கேயென் 1,02,889, மக்கான் 82,795. அதாவது பத்துக்கு ஆறு வண்டிகள் எஸ்யூவி. அந்த நிறுவனத்தின் அடையாளமாக உலகம் அறிந்திருக்கும் 911 ஸ்போர்ட்ஸ் கார் விற்றது 50,941 மட்டுமே. ஆயினும் போர்ஷே என்ற பெயரைக் கேட்டதும் யாருடைய மனத்திலும் எழுவது 911இன் வட்ட விளக்குகளும் பின்பக்கம் சரிந்திறங்கும் கூரையும்தான். வருமானம் ஓரிடத்திலிருந்தும் பெருமை வேறோர் இடத்திலிருந்தும் வருகிற இந்த ஏற்பாட்டைக் கால் நூற்றாண்டாகப் பெரும் செலவில் கட்டிக்காத்து வருகிறார்கள். கார் உலகச் செய்திகளைத் தொடர்ந்து படித்து வருபவன் என்ற முறையில், குதிரைத்திறன் கணக்குகளைவிட இந்தக் கட்டிக்காக்கும் வேலைதான் எனக்கு அதிகச் சுவையுடையதாகத் தோன்றுகிறது. எஸ்யூவி செய்தால் பெயர் கெட்டுவிடும் என்று ஒருகாலத்தில் ரசிகர்கள் அஞ்சினார்கள். நடந்ததைப் பார்த்தால், எஸ்யூவி செய்தார்கள் என்பதால் மட்டும் எவருடைய பெயரும் கெடவில்லை. அதை எந்த விலையில், எந்தப் போட்டியாளருக்கு எதிரே, எத்தனை எண்ணிக்கையில், யாருடைய உறுப்புகளைக் கடன் வாங்கிச் செய்தார்கள் என்பதில்தான் சிலர் தழைத்தார்கள், சிலர் தடுமாறினார்கள்.

1990களின் தொடக்கத்தில் போர்ஷே ஏறக்குறைய மூழ்கும் நிலையில் இருந்தது. 1993இல் தலைமைப் பொறுப்பேற்ற வெண்டெலின் வீடெக்கிங், ஜப்பானிய ஆலோசகர்களை வரவழைத்துத் தொழிற்சாலையின் வீண் செலவுகளைக் களைந்து, 1996இல் பாக்ஸ்டர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்து நிறுவனத்தைக் கரையேற்றினார். ஆனால் இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்களை மட்டும் நம்பியிருந்தால் அடுத்த மந்தநிலையில் மீண்டும் அதே கதிதான். மூன்றாவது மாடலாகக் குடும்பத்தோடு செல்லும் வேன் போன்ற வண்டியைச் செய்வதா, எஸ்யூவி செய்வதா என்ற கேள்வி எழுந்தபோது, அமெரிக்கச் சந்தை எஸ்யூவியையே கேட்டது. அதற்கான காரணம் கண்ணெதிரே இருந்தது. மெர்சிடிஸ் 1997இல் அலபாமாவில் புதிய ஆலை கட்டி எம்-கிளாஸை விற்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டு லெக்ஸஸ் ஆர்எக்ஸ் அமெரிக்காவுக்கு வந்தது. 1999இல் பிஎம்டபிள்யூ தென் கரோலினாவின் ஸ்பார்ட்டன்பர்க்கிலிருந்து எக்ஸ்5ஐ அனுப்பியது. 911 நிற்கும் வீட்டிலேயே இரண்டாவது வண்டியாகப் போட்டியாளரின் எஸ்யூவி நிற்கக்கூடிய காலம் அது. போர்ஷே முதலில் எம்-கிளாஸையே அடிப்படையாகக் கொள்ள மெர்சிடிஸுடன் பேசியது. அந்தப் பேச்சு முறிந்த பிறகு 1998இல் ஃபோக்ஸ்வேகனோடு கைகோத்தது.

இதற்குப் பின் செய்தவைதான் கவனிக்கத்தக்கவை. 2002இல் வெளிவந்த கேயென், ஃபோக்ஸ்வேகன் டூவாரெக்கின் இரட்டைப் பிறவி; கதவுகளைக்கூட இரண்டும் பங்கிட்டுக்கொண்டன. வண்ணம் பூசிய உடற்கூடு ஸ்லோவாக்கியத் தலைநகர் பிராட்டிஸ்லாவாவில் உள்ள ஃபோக்ஸ்வேகன் ஆலையிலிருந்து ரயிலில் வரும். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் போர்ஷே புதிதாகக் கட்டிய ஆலையில் இன்ஜினும் மற்றவையும் பொருத்தப்படும். வெறும் கணக்குப்படி பார்த்தால் அந்த ஆலைக்குத் தேவையே இல்லை என்றுகூட வாதிடலாம். ஆனால் வண்டி ‘ஜெர்மனியில் முடிக்கப்பட்டது’ என்று சொல்லிக்கொள்ள அது தேவைப்பட்டது. அந்த ஆலைக்கு அரசு மானியம் பெறும் வாய்ப்பையும் வீடெக்கிங் மறுத்துவிட்டார். சொகுசுப் பொருள் செய்பவர்கள் மக்களின் வரிப்பணத்துக்குக் கை நீட்டுவது பொருந்தாது என்பது அவர் வாதம். மானியமாக வந்திருக்கக்கூடிய தொகையைவிட அந்த மறுப்பு ஈட்டித்தந்த நற்பெயர் பெரிது என்றே நினைக்கிறேன். அதே வளாகத்தில் பந்தயப் பாதையின் சாயலில் ஒரு சோதனைத் தடம் அமைத்தார்கள். 2003 முதல் கரேரா ஜிடி என்ற பத்து சிலிண்டர் அதிவேகக் காரையும் அங்கேயே, கேயெனின் பக்கத்திலேயே செய்தார்கள். ஆலையின் செலவை ஈடுகட்டியது கேயென். ஆலையைப் பார்க்க வந்தவர்கள் ஊருக்குப் போய்ப் பேசியிருக்கக்கூடியதோ கரேரா ஜிடியைப் பற்றித்தான்.

கேயெனுக்குள்ளும் இதே சிந்தனை இருந்தது. சாவித் துவாரம் ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம், போர்ஷே வழக்கப்படி. எஸ்யூவி வாங்குபவர்களில் மிகச் சிலரே கேட்கக்கூடிய மேனுவல் கியர்பாக்ஸும் கிடைத்தது. முகத்தில் 911இன் சாயலை ஒட்டவைக்க முயன்றதில் வண்டி அழகாக அமையவில்லை, பத்திரிகைகள் கேலி செய்தன. இன்று பார்த்தாலும் அந்தக் கேலி நியாயமானது என்பேன். ஆனால் ஆண்டுக்கு 25,000 விற்றால் போதும் என்று தொடங்கிய மாடல், முதல் தலைமுறையில் மட்டும் 2,76,652 விற்றது. அந்தப் பணத்தின் துணையோடுதான் அடுத்தடுத்த 911களும், ரசிகர்கள் கொண்டாடும் ஜிடி3 வகைகளும் வந்தன. கேயெனை வெறுத்த ரசிகர் விரும்பிய காரை உயிரோடு வைத்திருந்ததே கேயென்தான்.

இந்த வெற்றியைப் பார்த்து ஃபோக்ஸ்வேகன் குழுமம் ஒரே அடித்தளத்தின் மேல் ஒரு குடும்பத்தையே எழுப்பியது. ஆடி க்யூ7, பென்ட்லி பென்டைகா, அடுத்த தலைமுறைக் கேயென், லம்போர்கினி ஊருஸ், ஆடி க்யூ8, டூவாரெக் ஆகிய அனைத்தும் இன்று ஒரே எலும்புக்கூட்டின் மேல் போர்த்திய வெவ்வேறு உடல்கள். குழுமத்துக்கு வெளியே இருக்கும் போட்டியைவிட உள்ளே இருக்கும் போட்டியைச் சமாளிப்பது இங்கே கடினம். க்யூ7க்குக் கொடுக்கும் பணத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு கொடுத்துப் பென்டைகா வாங்குபவருக்கு, இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒன்றே என்பது தெரியும். ஆனால் அது உறுத்தாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். 2012 ஜெனீவா கண்காட்சியில் பென்ட்லி காட்டிய முதல் மாதிரி வடிவம் அவலட்சணமாக இருக்கிறது என்று கண்டனத்துக்கு உள்ளானபோது, நிறுவனம் பிடிவாதம் பிடிக்காமல் வடிவத்தைத் திருத்தி 2015இல்தான் உண்மையான வண்டியை வெளியிட்டது. மரமும் தோலும் கைவேலையும் நிறைந்த உட்புறம் எலும்புக்கூட்டை மறக்கடித்தது.

ரோல்ஸ்-ராய்ஸ் வேறு வழி எடுத்தது. அதன் உரிமையாளரான பிஎம்டபிள்யூ அதே ஆண்டுகளில் எக்ஸ்7 என்ற பெரிய எஸ்யூவியை உருவாக்கிக்கொண்டிருந்தது. அதன் மேல் ஒரு ரோல்ஸ்-ராய்ஸைக் கட்டுவது மிக மலிவான வழி. ஆனால் 2018இல் வந்த கல்லினன், ஃபேன்டம் காருக்காக உருவாக்கிய அலுமினியச் சட்டகத்தின் மேல் அமைந்தது. பென்டைகாவைச் சந்தையில் எதிர்கொள்ள ரோல்ஸ்-ராய்ஸிடம் இருந்த வலுவான வாதம் இதுவே: எங்கள் அடித்தளம் வேறு எவரிடமும் இல்லை. 2018இல் 4,107 ஆக இருந்த அதன் மொத்த விற்பனை அடுத்த ஆண்டே 5,152 ஆனது. எந்த உறுப்பைக் கடன் வாங்குவதில்லை என்ற முடிவே விளம்பரமாகவும் ஆகிவிடுகிறது. ஆனால் அந்த முடிவுக்கு ஆகும் செலவைத் தாங்கக்கூடிய விலையில் வண்டியை விற்க முடிந்தால் மட்டுமே இது சாத்தியம்.

எஸ்யூவி செய்யத் துணிந்த ஒவ்வொரு நிறுவனமும் தன் பழைய வரலாற்றில் ஒரு மூதாதையைத் தேடிப்பிடித்ததையும் இங்கே சொல்ல வேண்டும். போர்ஷேக்கு 1950களில் ஜெர்மன் ராணுவத்துக்காகச் செய்து பார்த்த 597 என்ற ஜீப் வகை வண்டி கிடைத்தது. 1986 பாரிஸ்-டக்கார் பாலைவனப் போட்டியில் அதன் 959 கார் வென்றதும் கைகொடுத்தது. ரோல்ஸ்-ராய்ஸ் முதல் உலகப் போரில் பாலைவனத்தில் ஓடிய தன் கவச வாகனங்களை நினைவூட்டியது. லம்போர்கினிக்கு இந்தத் தேடல் எளிது. 1986இல் கவுன்டாக் காரின் பன்னிரண்டு சிலிண்டர் இன்ஜினைப் பொருத்தி எல்எம்002 என்ற முரட்டு வண்டியைச் செய்து, சுமார் 300 மட்டுமே விற்றிருந்தார்கள். அந்தக் காலத்தில் வணிகத் தோல்வியாகக் கருதப்பட்ட வண்டி, 2017இல் ஊருஸ் வெளியானபோது விலைமதிப்பற்ற முன்னோராகிவிட்டது.

ஊருஸ் வருவதற்கு முன் லம்போர்கினி ஓராண்டில் விற்றது 3,815 கார்கள். 2023இல் 10,112. அதில் ஊருஸ் 6,087, ஹுராகான் ஸ்போர்ட்ஸ் கார் 3,962. இவ்வளவு பெருக்கத்துக்குப் பிறகும் லம்போர்கினியின் பெயர் தேயவில்லை என்பது உண்மைதான். வரிசையில் காத்திருக்க வைப்பதும், கூடவே புதிய பன்னிரண்டு சிலிண்டர் கார் ஒன்றை எப்போதும் மேடையில் நிறுத்தி வைப்பதும் அதற்கு உதவுகின்றன. ஆனால் இதற்கு நேர் எதிரே ஃபெராரி நின்றது. ஃபெராரியின் தலைவராக இருந்த செர்ஜியோ மார்க்கியோனே 2016இல், எஸ்யூவி செய்ய வேண்டுமானால் முதலில் என்னைச் சுட வேண்டியிருக்கும் என்ற பொருள்படப் பேசினார். இரண்டே ஆண்டுகளில் அவரே அந்தத் திட்டத்தை உறுதிசெய்தார். 2022 செப்டம்பரில் வெளியான புரோசாங்குவே நான்கு கதவுகளும் நான்கு இருக்கைகளும் உயர்ந்த தரை இடைவெளியும் கொண்டது. எஸ்யூவி என்ற சொல்லை மட்டும் நிறுவனம் தன் வாயால் சொல்வதில்லை. அந்த மறுப்பு சற்றே சிரிப்பை வரவழைக்கிறது. ஆனால் அதன் பின்னால் இருக்கும் உழைப்பு விளையாட்டல்ல. 6.5 லிட்டர், 725 குதிரைத்திறன் கொண்ட பன்னிரண்டு சிலிண்டர் இன்ஜின், குழும உறவு எதுவுமற்ற தனி அடித்தளம், பின்னோக்கித் திறக்கும் பின்கதவுகள் ஆகியவற்றோடு, ஆயுட்காலச் சராசரியில் மொத்த உற்பத்தியில் 20 சதவீதத்தைத் தாண்டாது என்ற வரம்பையும் முன்கூட்டியே அறிவித்தார்கள். ஊருஸ் தன் நிறுவனத்தின் விற்பனையில் பாதிக்கு மேல் ஆனது. புரோசாங்குவே ஐந்தில் ஒன்றைத் தாண்டக்கூடாது. பணத்தேவை இல்லாத காலத்தில் எஸ்யூவி செய்பவரால் மட்டுமே இப்படி வரம்பு விதித்துக்கொள்ள முடியும்.

ஆஸ்டன் மார்ட்டினுக்கு அந்த வசதி இல்லை. 2018 அக்டோபரில் 19 பவுண்டுக்குப் பங்குகளை வெளியிட்ட அந்நிறுவனம், 2019 நவம்பரில் டிபிஎக்ஸ் என்ற எஸ்யூவியை வெளியிட்டபோது பங்கு விலை சரிந்து கிடந்தது. வேல்ஸில் பழைய விமானப்படைக் கொட்டகைகளை ஆலையாக்கி, மெர்சிடிஸ்-ஏஎம்ஜி இன்ஜினைப் பொருத்திச் செய்த வண்டி ஓட்டுவதற்குச் சிறந்தது என்று பலரும் பாராட்டினார்கள். ஆனால் இதுவே எங்களைக் காப்பாற்றும் என்று முதலீட்டாளர்களுக்குச் சொல்லியாகிவிட்டது. விற்பவருக்கு எவ்வளவு அவசரம் என்பது வாங்குபவருக்குத் தெரிந்துவிட்டால், எவ்வளவு நல்ல வண்டியானாலும் பேரம் பேசப்படும்.

இவ்வளவு உயரத்தில் நடப்பதற்கும் பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ், ஆடி மூன்றும் மோதிக்கொள்ளும் நடுத்தளத்துக்கும் விதிகள் வேறு. இங்கே ஒரு படியைக்கூடக் காலியாக விட முடியாது. 2008இல் பிஎம்டபிள்யூ எக்ஸ்6ஐக் கொண்டுவந்தபோது, எஸ்யூவியின் இடவசதியும் இல்லாமல் கூரை சரிந்த கூப்பே காரின் தாழ்வும் இல்லாமல் இது யாருக்கு என்று கேட்டவர்கள் பலர். ஏழு ஆண்டுகள் கழித்து மெர்சிடிஸ் அதே வடிவில் ஜிஎல்இ கூப்பேயை விற்கத் தொடங்கியது; ஆடி 2018இல் க்யூ8, போர்ஷே 2019இல் கேயென் கூப்பே. முதலில் சிரிப்பதும் பிறகு அதையே செய்வதும் இந்தத் தளத்தின் வாடிக்கை. மெர்சிடிஸ் தன் எஸ்யூவிகளுக்கெல்லாம் ஜிஎல்ஏ, ஜிஎல்சி, ஜிஎல்இ, ஜிஎல்எஸ் என்று ஒரே வரிசையில் பெயர் வைத்ததும் சிறந்த கணக்கு. எம்-கிளாஸ் என்ற பெயர் எந்தப் படியில் நிற்கிறது என்பதை விளக்க வேண்டியிருந்தது. ஜிஎல்இ என்றால் இ-கிளாஸ் காருக்கு இணை என்பது கேட்டவுடன் புரிகிறது. ஜி-கிளாஸை மட்டும் இந்தப் படிவரிசையில் சேர்க்காமல் தனியே வைத்தார்கள். 1979 முதல் இருக்கும் அந்தப் பெட்டி வடிவை 2018இல் ஏறத்தாழ முழுமையாகப் புதிதாகச் செய்தபோதும், கதவு மூடும் பழைய ஓசை மாறாமல் இருக்கப் பொறியாளர்கள் மெனக்கெட்டார்கள்.

பந்தயத் தடத்தில் எஸ்யூவிகள் நடத்தும் போட்டியையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தை 2019இல் ஆடி ஆர்எஸ் க்யூ8 ஏறத்தாழ 7 நிமிடம் 42 விநாடியில் சுற்றியது. 2021இல் கேயென் டர்போ ஜிடி 7 நிமிடம் 39 விநாடிக்குள் முடித்தது. 2024இல் ஆடி மீண்டும் 7 நிமிடம் 37 விநாடிக்குள் வந்து சாதனையைப் பறித்தது. இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள இந்த வண்டிகளில் குழந்தைகளைப் பள்ளியில் விடும் எவருக்கும் இந்த விநாடிகள் பயன்படப் போவதில்லை. ஆனால் ஸ்போர்ட்ஸ் கார் பெயரை ஒட்டிக்கொண்டு எஸ்யூவி விற்பவர், அந்தப் பெயருக்கான வாடகையை எங்காவது கட்டித்தான் ஆக வேண்டும்.

1970இல் பிறந்த ரேஞ்ச் ரோவருக்கு இந்தச் சங்கடம் எதுவும் இல்லை, பிறப்பிலேயே எஸ்யூவி. 2008இல் டாடா மோட்டார்ஸ் ஃபோர்டிடமிருந்து 230 கோடி டாலருக்கு ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் வாங்கியபோது, இந்திய உரிமையாளரிடம் போனால் அதன் மதிப்பு குறையும் என்று ஐயப்பட்டவர்கள் இருந்தார்கள். நடந்தது நேர்மாறு. 2011இல் இவோக், 2017இல் வெலார் என்று கீழ்ப் படிகளை நிரப்பிக்கொண்டே உச்சி மாடலின் விலையை மேலே தள்ளினார்கள். சிப் தட்டுப்பாடு வந்தபோது கிடைத்த சிப்புகளை லாபம் மிகுந்த ரேஞ்ச் ரோவர், ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட், டிஃபெண்டர் ஆகியவற்றுக்கே ஒதுக்கினார்கள். 2024இல் முதல்முறையாக ரேஞ்ச் ரோவரை இங்கிலாந்தின் சோலிஹல் ஆலைக்கு வெளியே, புணேயில் ஒன்றுசேர்க்கத் தொடங்கியபோது இந்திய விலை பல லட்சங்கள் குறைந்தது. விலைக்குறைப்பு என்பது சொகுசுப் பெயருக்கு ஆபத்தான செய்தி. அதே ஆண்டில், இந்தியாவுக்கு மட்டும் என்று 12 வண்டிகளே கொண்ட ‘ரணதம்போர்’ பதிப்பை 4.98 கோடி ரூபாய்க்கு வெளியிட்டு அதைச் சமன்செய்தார்கள். கீழே கதவைத் திறக்கும்போதே மேலே ஒரு கதவைப் பூட்டிக் காட்டும் வித்தை இது. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 9,000 கோடி ரூபாய் முதலீட்டில் டாடா திட்டமிட்ட ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஜாகுவார் லேண்ட் ரோவர் வண்டிகளும் அங்கே உருவாகும் என்பது அப்போதைய திட்டம். ரேஞ்ச் ரோவரின் பெயருக்கு அண்மையில் உண்டான பெரிய சேதம் போட்டியாளரால் வந்ததும் அன்று. பிரிட்டனில் திருடர்கள் சாவி இல்லாமலே வண்டிகளைக் கொண்டுபோகத் தொடங்கியதால் காப்பீட்டுக் கட்டணம் எகிறியது. பழைய வண்டிகளின் பாதுகாப்பை மேம்படுத்த நிறுவனம் ஒரு கோடி பவுண்டுக்கு மேல் செலவிட்டதோடு, காப்பீட்டையும் தானே வழங்க முன்வந்தது.

அதே கூரையின் கீழ் ஜாகுவார் தோற்றது. 2016இல் எஃப்-பேஸ், 2017இல் இ-பேஸ், 2018இல் மின்சார ஐ-பேஸ் என்று எஸ்யூவிகள் வந்தன. மூன்றுமே நல்ல வண்டிகள், ஐ-பேஸ் 2019இல் உலகின் சிறந்த கார் விருதையும் பெற்றது. ஆனால் எஃப்-பேஸ் நின்ற இடம் பிஎம்டபிள்யூ எக்ஸ்3, ஆடி க்யூ5, மெர்சிடிஸ் ஜிஎல்சி ஆகியவை பெரும் எண்ணிக்கையில் ஆளும் இடம். எண்ணிக்கையில் ஜெர்மானியர்களை நெருங்க முடியாது. விலையை உயர்த்த முயன்றால் அதே ஷோரூமில் பக்கத்தில் நிற்கும் ரேஞ்ச் ரோவர் வெலார் குறுக்கே வரும். எஸ்யூவி ஒரு பெயரைக் காப்பாற்றத் தவறியதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

போர்ஷேயும் அண்மையில் ஒரு படியைக் காலியாக விட்டது. ஆடி க்யூ5இன் உறவாக 2014இல் பிறந்த பெட்ரோல் மக்கான், புதிய இணையப் பாதுகாப்பு விதிகளுக்காக மாற்றியமைக்கப்படாததால், 2024இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனையிலிருந்து விலகியது. அதன் இடத்தில் மின்சார மக்கான் மட்டும் நின்றது. அதே 2024இல் பிஎம்டபிள்யூ பெட்ரோல், டீசல், ஹைப்ரிட் என்று எல்லா வகையிலும் புதிய எக்ஸ்3ஐ வெளியிட்டது. மின்சார ஐஎக்ஸ்3ஐ அதற்கு மாற்றாக அல்லாமல் கூடுதலாகக் கொண்டுவந்தது. சீனாவில் 2021இல் 95,671 விற்ற போர்ஷே 2024இல் 56,887க்கு இறங்கியிருந்தது. அங்கே 2025 ஜூனில் ஷியோமி என்ற கைபேசி நிறுவனம், புரோசாங்குவேயை நினைவூட்டும் தோற்றத்தோடு ஒய்யூ7 மின்சார எஸ்யூவியை 2,53,500 யுவானுக்கு விற்கத் தொடங்கியது. கேயெனில் போர்ஷே அதே தவறைத் திரும்பச் செய்யவில்லை: 2025 நவம்பரில் மின்சாரக் கேயென் அறிமுகமானபோது, பெட்ரோல், ஹைப்ரிட் கேயென்களும் தொடரும் என்று சேர்த்தே அறிவித்தார்கள். மக்கானின் தளத்துக்கும் பெட்ரோலில் ஓடும் புதிய எஸ்யூவி ஒன்று இந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதுவரை ஐரோப்பாவில் பெட்ரோல் எஸ்யூவி கேட்டு வருபவருக்கு போர்ஷே டீலர் காட்டக்கூடிய மிகச் சிறிய வண்டி கேயென்தான். அதற்குப் பணம் போதாதவர் நேராக பிஎம்டபிள்யூ ஷோரூமுக்குப் போவார்.